அச்சு மூன்றும் வீடு போய்ச் சேர்ந்தன

இடது கையின் ஆள்காட்டி விரல் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டியது. மெஷினின் கழுத்தில் மாட்டியிருந்த வெட்டுக்கருவி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கீழே இறங்கியது. வலது கை, கருவியின் முனைக்கும் அலுமினியக் கட்டிக்கும் நடுவே செருகியிருந்த துண்டுத் தாளை மெல்ல இழுத்துப் பார்த்தது. தாள் வந்தது. இடது கை தட்டியது. வலது கை இழுத்தது. வந்தது. தட்டியது. இழுத்தது. இந்த முறை தாள் வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தது.

கருவி தாளைத் தொட்டுவிட்டது. தாளின் கனம் நூறில் ஆறு பங்கு. அதைக் கழித்துவிட்டால் கட்டியின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லிவிடலாம். தாளில் 'இதனால் சகலருக்கும்' என்று பாதியில் அறுந்த ஒரு வரியும், அதன்மேல் சிவப்பு மையில் ஒரு சுழியும் இருந்தன. கைகள் அதை மடிக்காமல் எடுத்து, இதற்கென்றே வைத்திருந்த தகர டப்பாவில் போட்டு மூடின.

அந்தக் கைகளுக்கு உரியவளைப் பட்டறையில் மில்லிமீட்டர் என்பார்கள். கூப்பிட நீளமாக இருக்கிறது என்று முதலாளி அதை மில்லி ஆக்கிவிட்டார். அவர் வாசலில் நின்று, "மில்லி! மில்லி எங்கே? எனக்கு இப்பவே மில்லி வேணும்!" என்று கத்தும்போது தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போவார்கள். பகல் பதினொரு மணிக்கே இப்படியா என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டும் விட்டார்.

பத்தொன்பது வருஷங்களுக்கு முன் அவள் அந்தப் பட்டறைக்கு இரும்புச் சுருள் கூட்டித் தள்ளத்தான் வந்தாள். கூட்டிய சுருளை அள்ளிக் கொட்டுவதற்கு முன் விரலால் கிளறிப் பார்ப்பாள். நீலச் சுருள், வெள்ளிச் சுருள், பொடி என்று பிரித்து வைப்பாள். ஒருநாள் மெஷினை ஏறிட்டும் பார்க்காமல், துடைப்பத்தைப் பிடித்தபடியே, "அண்ணே, உங்க கருவி மழுங்கிடுச்சு" என்றாள். கழற்றிப் பார்த்தார்கள். மழுங்கித்தான் இருந்தது. யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. நான்காவது வருஷம், உலோகத்தைச் செதுக்குகிற மில்லிங் மெஷின் அவள் கைக்கு வந்துவிட்டது.

அளக்கும் பழக்கம் வீடுவரை போயிற்று. கல்யாணமான புதிதில் தூங்கிக்கொண்டிருந்த கணவனின் மீசையைப் பட்டறையின் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, இடது பக்கம் அரை மில்லிமீட்டர் கூடுதல் என்று காலையில் சொன்னாள். அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பிழை என்று காதில் விழுந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. கத்தரியை எடுத்தான். இடது பக்கம் குறைத்ததில் வலது பக்கம் கூடிப்போயிற்று. வலது பக்கம் குறைத்தான். பிறகு இடது. பத்து நாளில் மீசையே இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவன் மறுபடி வைக்கவில்லை. மனைவியின் வேலைக்கென்று ஒரே கனத்தில் மெல்லிய தாளாகப் பொறுக்கி, அச்சகத்தின் கழிவுக் கூடையிலிருந்து தினமும் கொண்டுவருவான்.

அவளுடைய மில்லிங் மெஷினுக்குப் பட்டறையில் பெயர் மாமியார். என்ன தப்பு என்று சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். 'அலாரம் 417' என்று திரையில் வரும். 417 என்றால் என்ன என்று கேட்டால், அது உனக்கே தெரியணும் என்பதுபோல் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்.

வீட்டிலிருந்த அசல் மாமியாருக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போய்விட்டது. மருமகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"இன்னிக்கு நான் எப்படி இருந்தேன்?"

"காலையில நல்லாத்தான் இருந்தீங்க அத்தை. மத்தியானம் கொஞ்சம் உறுமினீங்க."

"எண்ணெய் விட்டியா?"

"விட்டேன்."

"ஊம்" என்று திருப்தியாகச் சாய்ந்துகொள்வார்.

ஒருநாள் மில்லி செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். "அத்தை, உங்க மூளை செத்துப்போச்சு."

மெஷினைச் செலுத்துகிற கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்துபோயிருந்தது. செய்த கம்பெனிக்குப் போன் போட்டால், அப்படி ஒரு மாடலை நாங்கள் செய்தோமா என்று திருப்பிக் கேட்டார்கள். இரும்பும் மோட்டாரும் நன்றாக இருந்தன. யோசிக்கத்தான் ஆள் இல்லை. முதலாளி பழைய இரும்பு வியாபாரியை வரவழைத்தார். வியாபாரி தர்பூசணி வாங்க வந்தவர்போல மாமியாரை நாலு இடத்தில் தட்டிக் காது வைத்துக் கேட்டார். மில்லி இருவருக்கும் நடுவே போய் நின்றாள்.

"அண்ணே, எனக்கு மூணு வாரம் குடுங்க. இதுக்கு வேற மூளை வெச்சுக் காட்டறேன்."

"எங்கேருந்து கொண்டுவருவே?"

உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதிய மென்பொருள் ஒன்று இருந்தது. சாதாரணக் கணினி ஒன்றில் போட்டால் அது மெஷினுக்கு மூளையாகிவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் தரலாம். மில்லி அதைப்பற்றி ஒரு வருஷமாகவே அகராதியும் கையுமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாவா குடுக்கறாங்க?" என்றார் முதலாளி.

"சும்மாதான்."

"சும்மா குடுக்கறவன் பின்னாடி வந்து என்ன கேப்பான்?"

"எங்கே தப்பு இருக்குன்னு கேப்பான்."

"என்கிட்டயா?"

"இல்லண்ணே, மென்பொருள்ல."

"அவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?"

"இருக்கு. அதை முடிச்சுட்டுத்தான் இதைப் பண்றாங்க."

முதலாளி தாடையைத் தடவினார். அந்த வாரம்தான் குழந்தைகளுக்குச் சோப்பு செய்கிற பெண்மணி ஒருத்தி, வாத்து, ஆமை, முயல் என்று மூன்று அலுமினிய அச்சுகள் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். பட்டறையில் அவளுக்குச் சோப்பக்கா என்று பெயர். சோப்புக் கட்டியை அச்சில் வைத்து அழுத்தினால் வாத்து வாத்தாக வரவேண்டும்.

"சரி. மூணாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அதுக்குள்ள சோப்பக்கா கையில மூணு அச்சும் இருந்தா மாமியார் இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா லாரியில ஏத்திடுவேன். அப்புறம் அழக்கூடாது."

"உங்க மேஜைமேல இருக்கிற கம்ப்யூட்டர் வேணும்."

இதைக் கேட்டபோது முதலாளியின் முகம்தான் அழுகிற மாதிரி ஆயிற்று. அதில்தான் அவர் ஆறு வருஷமாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் கணினியின் நாடி பிடித்துப் பார்ப்பதிலேயே போயிற்று. வீட்டுக் கணினி அவ்வப்போது கொஞ்சம் அசந்துபோகும். சீட்டாட்டத்தில் அது தெரியாது. ஆனால் ஓடுகிற மோட்டாருக்கு விநாடிக்கு ஆயிரம் தடவை தவறாமல் கட்டளை போகவேண்டும். நடுவில் ஒரு கொட்டாவி விட்டால்கூடக் கருவி உலோகத்துக்குள் நட்டுக்கொண்டு நிற்கும். அதற்கான சோதனையை ஓடவிட்டு, எத்தனை தாமதம் வருகிறது என்று மில்லி இரண்டு நாள் பார்த்தபடி இருந்தாள். சந்தேகம் வந்தபோது அந்த மென்பொருளை எழுதுகிறவர்களின் இணைய மன்றத்தில் ஒரு கேள்வி போட்டாள். கரடிப் படம் வைத்திருந்த யாரோ ஒருவர் பதிலுக்குப் பதினொரு கேள்வி கேட்டார். பதினொன்றுக்கும் அவள் மூன்று தசம இலக்கத்தோடு பதில் எழுதினாள். அதற்குப்பின் கரடி அவளிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டது.

இரண்டாம் வாரம் மாமியார் அசைந்தது. வலது பக்கம் போகச் சொன்னால் இடது பக்கம் போனது. "அத்தையோட குணம் அப்படியே இருக்கு" என்று மில்லி அமைப்புக் கோப்பில் ஒரு கழித்தல் குறி போட்டாள், சரியாயிற்று. வெட்டுக்கருவிக்குப் பதில் பேனாவை மாட்டி, தாளில் வட்டம் போடச் சொன்னாள். முட்டை வந்தது.

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நியாயம்தான். வாத்துக்கு முன்னாடி முட்டைதானே வரணும்."

மில்லி சிரிக்கவில்லை. முட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தாள். ஒரு திசையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அதிகம் ஓடியிருந்தது. கணக்குப் போட்டு ஒரே ஒரு எண்ணைத் திருத்தினாள். அடுத்தது வட்டம். அதற்கடுத்து இன்னும் முப்பத்தொன்பது வட்டம், எல்லாம் ஒன்றுபோலவே வருகின்றனவா என்று பார்க்க.

திரையில் வரும் செய்திகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவையும் ஒரு கோப்பில் வெறும் எழுத்தாகத்தான் கிடந்தன. யாரும் தம் மொழியில் மாற்றிக்கொள்ளலாம். மாமியார் இனியாவது என்ன தப்பு என்று வாயைத் திறந்து தமிழில் சொல்லட்டும் என்று மில்லி ஆசைப்பட்டாள். கோப்பைக் கணவனிடம் கொடுத்தாள். அவன் சிவப்புப் பேனாவும் அகராதியுமாக உட்கார்ந்துவிட்டான்.

"ஆக்சிஸ்னா என்ன?"

"மெஷின் ஓடற திசை. இடம் வலம் ஒண்ணு, முன்னே பின்னே ஒண்ணு, மேலே கீழே ஒண்ணு. மொத்தம் மூணு."

"அகராதியில அச்சுன்னு போட்டிருக்கு."

"அப்ப அதையே போடுங்க."

"ஹோம்?"

"கரண்ட் வந்ததும் மெஷினுக்குத் தான் எங்கே இருக்கோம்னு தெரியாது. மூணு பக்கமும் ஒரு மூலைக்குப் போய் நின்னு, 'இதுதான் என் இடம்'னு தெரிஞ்சுக்கும். அந்த மூலைதான் ஹோம்."

"அப்ப வீடுதானே? நானும் பஸ்ஸுல தூங்கிட்டு, எங்கே இருக்கோம்னு தெரியாமதான் வீட்டுக்கு வர்றேன்."

நன்றாகத்தான் இருந்தது. 'அச்சு மூன்றும் வீடு போய்ச் சேர்ந்தன' என்று எழுதினான். 'போய்'க்குப் பின்னால் 'ச்' வருமா வராதா என்று அரைமணி நேரம் யோசித்துவிட்டுப் போட்டான். மில்லி எண்களை எல்லாம் இரண்டு தடவை சரிபார்த்தாள். எழுத்துகளைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்து எழுத்துப் பிழை வந்ததில்லை. அதிலும் வரவில்லை.

தமிழ் பேச ஆரம்பித்ததும் முதலில் மாட்டியவர் முதலாளிதான். ஆசைக்கு ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தார். 'எல்லை மீறிவிட்டீர்கள்' என்றது திரை.

"யாரைப் பாத்து எல்லை மீறறேன்னு சொல்லுது? நான் இதோட முதலாளி!"

"மெஷின் ஓடற எல்லைண்ணே. உங்களை இல்ல."

"அப்ப 'மீறிவிட்டது'ன்னு சொல்லலாம்ல. 'விட்டீர்கள்'னு என் மூஞ்சிய பாத்துச் சொல்லுதே."

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை மில்லி தாளைச் செருகி இழுத்துப் பார்த்து வாத்தை ஆரம்பித்தாள். புதன்கிழமை வாத்து முடிந்தது. வியாழக்கிழமை ஆமை முடிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு முயலின் உடம்பும் ஒரு காதும் முடிந்து, இரண்டாவது காது ஆரம்பிக்கும்போது கரண்ட் போயிற்று. ஐம்பது நிமிஷம் கழித்து வந்தது. மில்லி மெஷினைப் போட்டு மூலைக்கு அனுப்பினாள். மூன்று பக்கமும் போய் நின்றது. 'அச்சு மூன்றும் வீடு போய்ச் சேர்ந்தன.' இனித் தாளைச் செருகிப் பார்க்கவேண்டும். கையில் எண்ணெய். எண்ணெய்க் கையால் தாளைத் தொட்டால் நூறில் ஒரு பங்கு ஏமாற்றும். அவள் பின்கட்டுக்குக் கை கழுவப் போனாள். அவளுடைய கை கழுவல் சீக்கிரம் முடிகிற காரியமில்லை. நகம் நகமாகப் போகும்.

அப்போதுதான் முதலாளி வெளியிலிருந்து வந்தார். போன் அடித்தது. சோப்பக்கா.

"அண்ணே, என் அச்சு என்னாச்சு? நாளைக்குக் காலையில கடைக்குச் சரக்கு குடுக்கணும்."

"மில்லி!" என்று கத்தினார். பின்கட்டில் குழாய்ச் சத்தம். சுற்றிலும் பார்த்தார். திரையில் பளிச்சென்று, பெரிய எழுத்தில், பிழையே இல்லாமல் எழுதியிருந்தது. பட்டறையில் ஆக்சிஸை ஆக்சிஸ் என்றுதான் சொல்வார்கள், ஹோமை ஹோம் என்றுதான். அச்சு என்றால் அங்கே எல்லோருக்கும் சோப்பக்காவின் அச்சு ஒன்றுதான். முதலாளியின் முகம் மலர்ந்துபோயிற்று.

"மூணும் வீட்டுக்குப் போய்ச் சேந்தாச்சும்மா!"

"என் வீட்டுக்கா?"

"பின்ன என் வீட்டுக்கா? மெஷினே சொல்லுது. என்ன மாதிரி ஒரு மென்பொருள்! சரக்கு போய்ச் சேந்ததைக்கூடச் சொல்லிடுது."

போனை வைத்துவிட்டு நிறைந்த மனசோடு சிவப்புப் பொத்தானை அழுத்தினார். வேலைதான் முடிந்துவிட்டதே, கரண்ட் ஏன் வீணாகவேண்டும்? கட்டியைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் ஒற்றைக் காது முயல் ஒன்று மாட்டியிருந்தது. தப்பாக வந்ததை மில்லி ஒதுக்கியிருக்கிறாள் என்று நினைத்து, அதைக் கழற்றி எடுத்துப்போய், மின்விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருந்த காகிதங்களின்மேல் வைத்தார். நல்ல கனம். காகிதம் அசையவில்லை.

மில்லி பத்து விரலும் பளபளக்க வந்தாள். மெஷின் இருண்டு கிடந்தது. வைஸ் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, முயல் எங்கே?"

"எந்த முயல்?"

இரண்டு பேரும் சேர்ந்து முயலைப் பார்த்தார்கள். முயலின் அடியிலிருந்த காகிதத்தில் முதலாளி குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்திருந்தார்.

மணி மூன்று அடிக்க இருபது நிமிஷம். மில்லி முயலைத் துணியால் துடைத்தாள். வைஸ் பக்கம் அவள் முதல் நாளே இரண்டு எஃகு முளை அடித்து வைத்திருந்தாள், கட்டியை எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் அதே இடத்தில் வந்து உட்காருவதற்காக. எதற்கு இந்த வெட்டி வேலை என்று அன்றைக்கு முதலாளி கேட்டிருந்தார். இன்றைக்குக் கேட்கவில்லை. முயல் முளையில் முட்டி உட்கார்ந்தது. மெஷினைப் போட்டாள். அது மூன்று பக்கமும் போய்த் தன் மூலையைக் கண்டுபிடித்து நின்றது. மூலை தெரிந்துவிட்டால் அங்கிருந்து முயலின் காதுவரை வழி அதற்கு அத்துப்படி. அந்த எண்கள் கோப்பில் பத்திரமாக இருந்தன. தாளைச் செருகினாள். தட்டினாள், இழுத்தாள். தட்டினாள், இழுத்தாள். எந்த எண்ணில் தாள் மாட்டவேண்டுமோ அதே எண்ணில் மாட்டியது. அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள். காதின் தொடக்கத்துக்குச் சற்று முந்தின கட்டளை வரியிலிருந்து வெட்டச் சொல்லிப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் முதலாளி, மெஷினிலிருந்து ஆறடி தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"நாப்பத்தேழு நிமிஷம்."

மூன்றேகாலுக்குச் சோப்பக்கா வந்தாள். வேர்த்து வழிந்தது.

"எந்த வீடு? யார் வீடு? வேலையைப் போட்டுட்டு ஓடறேன், வாசல்ல ஒண்ணுமில்லை! கட்டிலுக்கு அடியில பாத்தேன், தண்ணித் தொட்டிக்குள்ள பாத்தேன். மாடி வீட்டுக்காரியை 'எடுத்து வெச்சியா'ன்னு கேட்டேன், இப்ப அவ என்கூடப் பேசமாட்டேங்கறா. தூங்கிட்டிருந்த என் வீட்டுக்காரரைப் புரட்டிப் போட்டுப் பாத்தேன்!"

"நான் சொல்லலைம்மா. அது சொல்லுச்சு" என்று முதலாளி மாமியாரைக் காட்டிக்கொடுத்தார்.

மில்லி கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமலே விளக்கினாள். இந்த அச்சு வேற, உங்க அச்சு வேற. இந்த வீடு வேற, உங்க வீடு வேற. சோப்பக்கா கேட்டுக்கொண்டே நின்றாள். கோபம் போவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தது.

"இதை எழுதினது யாரு?"

மில்லி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள். "ஏங்க, அந்த 'வீடு போய்ச் சேர்ந்தன' இருக்குல்ல, அதனால இங்க பெரிய ரகளை."

மறுமுனையில் அகராதி புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. "'ச்' வராதா?"

மூன்று முப்பத்தைந்துக்கு லாரி வந்து நின்றது. பழைய இரும்பு வியாபாரி கயிறும் நெம்புகோலுமாக இறங்கி, மாமியாரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தட்டிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"ஓடுது. தொடாதீங்க" என்றாள் மில்லி.

அவர் கையை இழுத்துக்கொண்டார். நாலு பேரும் நின்று ஒரு முயலின் காது வளர்வதைப் பார்த்தார்கள். அலுமினியச் சுருள் பொடிப்பொடியாகத் தெறித்தது. மூன்று முப்பத்தேழுக்குக் கருவி மேலே எழுந்து நின்றது. 'பணி நிறைவடைந்தது' என்றது திரை.

"யாரோட பணி?" என்று சோப்பக்கா சந்தேகத்தோடு கேட்டாள்.

மில்லி முயலைக் கழற்றி, ஓரங்களைத் தேய்த்து, கழுவி, துடைத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி மூன்று ஐம்பது. முதலாளி கடிகாரத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். இப்போது அவருக்கே லாரியைத் திருப்பி அனுப்பிவிடவேண்டும் என்றிருந்தது.

"குடுத்துடு மில்லி. நல்லாத்தான் இருக்கு."

"காதுகிட்ட ஒரு கோடு விழுந்திருக்கு. நூறில் மூணு பங்கு ஆழம்."

"எங்கே?" என்று சோப்பக்கா குனிந்தாள். கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். வியாபாரியும் பார்த்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சோப்பக்கா பையிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த சோப்புக் கட்டியை எடுத்து, முயல் அச்சில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அழுத்திக் கவிழ்த்துத் தட்டினாள்.

முயல் விழுந்தது. இரண்டு காதும் இருந்தன. ஒரு காது கொஞ்சம் சாய்ந்து, யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோல இருந்தது. வியாபாரி அதைக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து, "என் பேத்திக்குக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

மணி மூன்று ஐம்பத்தாறு. மில்லி வாத்தையும் ஆமையையும் முயலையும் தனித்தனியாக, கணவன் கொண்டுவந்த தாள்களில் சுற்றினாள். மூன்றையும் அடுக்கிச் சோப்பக்காவின் நீட்டிய கைகளில் வைத்தாள். வைத்தவள் விடவில்லை.

"அக்கா, நாளைக்குக் காலையிலன்னா அந்தக் கோட்டை மட்டும்..."

"விடும்மா."

"நூறில் மூணு பங்குதான், ஒரு மணி நேரத்துல..."

"மில்லி, விடு!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார்.

மில்லி விட்டாள்.